அழைப்பு வராத பையன் எங்கே போவது?

அமெரிக்கப் பள்ளி பேஸ்பாலில் ஆகஸ்ட் 1 என்ற தேதிக்குத் தனி எடை உண்டு. பதினொன்றாம் வகுப்புக்குப் போகவிருக்கும் மாணவனிடம் டிவிஷன்-1 என்ற முதல் நிலைக் கல்லூரி அணிகளின் பயிற்சியாளர்கள் அந்த நாளிலிருந்துதான் நேரடியாகப் பேசலாம், செய்தி அனுப்பலாம் என்று 2023-ல் விதி கொண்டுவரப்பட்டது. அதற்கு முன்பு, குரல்கூட உடையாத ஒன்பதாம் வகுப்புப் பையன்களோடு வாய்மொழியாக இடம் பேசி முடிப்பது சர்வசாதாரணமாக நடந்தது. விதி வந்த பிறகும் அந்த அவசரம் முழுதாகத் தணியவில்லை. பெயர் வாங்கிய பையன்களின் ஃபோன் அன்றே அடிக்கத் தொடங்குகிறது. பெரிய அணிகளின் பட்டியல் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே பெருமளவு நிரம்பிவிடுகிறது. ஃபோன் அடிக்காத பையனைப் பற்றியது இந்தக் கட்டுரை. பன்னிரண்டாம் வகுப்பு வந்துவிட்டது. ஒரே வருடத்தில் நான்கு அங்குலம் வளர்ந்திருக்கிறான், பந்தின் வேகம் கூடியிருக்கிறது, பள்ளி அணியில் இப்போதுதான் நிரந்தர இடம் கிடைத்திருக்கிறது. எந்தக் கல்லூரிக்கும் அவன் பெயர் தெரியாது. அவனுக்கு இனி கல்லூரி பேஸ்பால் உண்டா? உண்டு என்பதே என் வாதம். ஆனால் அவன் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் வாசலில் அது இல்லை. தாமதமாக வளர்ந்தவனுக்கு எதைவிடவும் அதிகம் தேவைப்படுவது ஆட்டங்கள். நிறைய ஆட்டங்கள். அந்த ஒன்றை அளவுகோலாக வைத்துக்கொண்டால் எங்கே விண்ணப்பிப்பது, எந்த அழைப்பை மறுப்பது என்பதெல்லாம் வேறு மாதிரி தெரியத் தொடங்கும்.

முதலில் களம் எவ்வளவு பெரியது என்று பார்ப்போம். அமெரிக்காவில் பள்ளி அணிகளில் பேஸ்பால் ஆடும் மாணவர்கள் சுமார் 4.8 லட்சம் பேர். அவர்களில் என்சிஏஏ என்ற கல்லூரி விளையாட்டு அமைப்பின் அணிகளுக்குப் போகிறவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேர்; அதிலும் டிவிஷன்-1 அணிக்குப் போகிறவர்கள் 2 பேர் சொச்சம். தொலைக்காட்சியில் வருவதும், ஒவ்வொரு ஜூனிலும் ஒமாஹா நகரில் நடக்கும் கல்லூரி உலகத் தொடரில் ஆடுவதும் இந்த 2 பேரின் உலகம்தான். 'கல்லூரி பேஸ்பால்' என்று பையனும் அப்பாவும் சொல்லும்போது இருவர் மனதிலும் இருப்பது அந்த உலகம்தான். ஆனால் டிவிஷன்-1-ல் சுமார் 300 அணிகள் என்றால், அதற்கு வெளியே அதைப்போல நான்கு மடங்கு அணிகள் இருக்கின்றன. டிவிஷன்-2 இருக்கிறது. டிவிஷன்-3-ல் மட்டும் 400-ஐ நெருங்கும் எண்ணிக்கையில் அணிகள். என்ஏஐஏ என்ற தனி அமைப்பில் சிறிய தனியார் கல்லூரிகள். எல்லாவற்றுக்கும் கீழே (அப்படித்தான் சொல்கிறார்கள், எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடு இல்லை) 'ஜூகோ' என்று ஆட்டக்காரர்கள் அழைக்கும் இரண்டாண்டு ஜூனியர் கல்லூரிகள். பண விதிகளும் இடத்துக்கு இடம் மாறும். டிவிஷன்-3-ல் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. டிவிஷன்-2-ல் 9 முழு உதவித்தொகைக்கு ஈடான பணத்தை அணி முழுக்கப் பங்கு போடுகிறார்கள். ஜூனியர் கல்லூரிகளின் தேசிய அமைப்பில் முதல் பிரிவு அணிக்கு 24 உதவித்தொகை வரை அனுமதி உண்டு. கலிஃபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளிலோ அது அறவே இல்லை, கட்டணமே குறைவு என்பதுதான் அங்கே சலுகை.

ஃபோன் அடிக்கவில்லை என்பதைப் பையன் ஒரு தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறான். அது அவ்வளவு நேர்மையான தீர்ப்பு அல்ல. பதினைந்து வயதில் ஒருவனைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் முறை பெரும்பாலும் அளப்பது அவன் உடல் எவ்வளவு சீக்கிரம் முதிர்ந்தது என்பதைத்தான். ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பையன்களின் உடல் முதிர்ச்சியில் இரண்டு மூன்று வருட வித்தியாசம் இருக்கலாம். முந்திக்கொண்டவனின் தோளும் தொடையும் பந்தை வேகமாக அனுப்புகின்றன, பிந்தியவனின் கைத்திறன் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் பந்தின் வேகத்தை அளக்கும் ரேடார் கன்னில் அது தெரியாது. பிறந்த மாதம்கூடக் கணக்கில் வருகிறது. பல பத்தாண்டுகளாக அமெரிக்கச் சிறுவர் பேஸ்பாலில் வயதுக் கணக்கு ஜூலை 31-ல் முடிந்தது. ஆகஸ்டில் பிறந்தவன் தன் பிரிவில் மூத்தவன். ஜூலையில் பிறந்தவன் கடைக்குட்டி. அமெரிக்காவில் பிறந்து மேஜர் லீக் என்ற உச்சத் தொழில்முறை லீக் வரை போனவர்களின் பிறந்த மாதங்களை எண்ணிப் பார்த்தபோது, ஜூலையைவிட ஆகஸ்டில் பிறந்தவர்கள் கணிசமாக அதிகம் என்று தெரிந்தது. இதற்கு மேல் பணம். கோடைதோறும் ஊர் ஊராகப் போய் ஆடும் 'டிராவல் பால்' அணிகள், பயிற்சியாளர்கள் முன்னால் அளவெடுத்துக் காட்டும் 'ஷோகேஸ்' முகாம்கள், தனிப் பயிற்சி என்று ஒரு குடும்பம் வருடத்துக்கு ஆயிரக்கணக்கான டாலர் செலவழிக்கிறது. அதைச் செய்ய முடியாத வீட்டுப் பையனைப் பார்த்து யாரும் நிராகரிக்கவில்லை. அவனை யாரும் பார்க்கவே இல்லை, அவ்வளவுதான்.

அழைப்பு வராதவர்களுக்கு ஓர் உதாரணம் பேட்ரிக் கார்பின், நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் பக்கத்துப் பையன். பள்ளியின் பேஸ்பால் அணியில் சேர்ந்ததே பதினொன்றாம் வகுப்பில்தான். இடது கைப் பந்துவீச்சு. ஆனால் அழைப்பு என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. யூட்டிகா நகரின் மோஹாக் வேலி சமுதாயக் கல்லூரியில் சேர்ந்து ஒரு பருவம் வீசினார். அங்கிருந்து ஃபுளோரிடாவின் சிப்போலா கல்லூரி, அதுவும் ஜூகோதான். மேஜர் லீக் அணிகள் புதிய ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2009-ல் ஏஞ்சல்ஸ் அணி இரண்டாவது சுற்றிலேயே அவரை எடுத்துக்கொண்டது. 2019 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், ஹூஸ்டன் மைதானத்தில், நடுவில் இறங்கி மூன்று இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் வீசி வாஷிங்டனுக்கு வெற்றி தேடித் தந்த பிட்சர் அவர்தான். லொரென்சோ கேன் கதை இன்னும் தாமதமானது: கூடைப்பந்து அணியில் இடம் கிடைக்காமல், பத்தாம் வகுப்பில்தான் முதல்முறையாக அணியில் சேர்ந்து பேஸ்பால் ஆடினார். 2004-ல் 17-ஆவது சுற்றில் எடுக்கப்பட்டு, டலஹாசி சமுதாயக் கல்லூரியில் ஆடித் தேறி, 2015-ல் உலகத் தொடர் வென்ற கான்சஸ் சிட்டி அணியின் சென்டர் ஃபீல்டராக நின்றார். இருவருக்கும் பொதுவாக இருப்பது, கற்றுக்கொள்ளும் வேகம் உச்சத்தில் இருந்த வயதில் இருவரும் ஆடிக்கொண்டே இருந்தார்கள் என்பது. கார்பின் முதல் ஆண்டே ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால், பதினைந்து மூத்த பிட்சர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து மற்றவர்கள் வீசுவதைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

தப்பிப் பிழைத்தவர்களை மட்டும் எண்ணிக் காட்டினால் எந்த வழியும் நல்ல வழியாகத்தான் தெரியும் என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்பு. ஒரு கார்பினுக்குப் பின்னால் ஜூகோவோடு ஆட்டம் முடிந்துபோன ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் மேஜர் லீக் கனவை வைத்து இந்த வழியை நியாயப்படுத்த நான் முயலவில்லை. கார்பினும் கேனும் இங்கே நிரூபிப்பது சின்ன விஷயம்: பதினேழு வயதில் அழைப்பு வராதது திறமை இல்லாததற்குச் சாட்சியம் ஆகாது. அதற்கு மேல் இந்தப் பையனுக்கு நான் கோருவது மூன்று அல்லது நான்கு வருடம் உண்மையாகவே ஆட ஓர் இடம், கையில் ஒரு பட்டம். அந்த இலக்குக்குக் கார்பின் அளவு அதிர்ஷ்டம் தேவையில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு வேறொன்று இருக்கிறது: காலம் மாறிவிட்டது, கார்பின் காலத்துக் கதை இன்று நடக்காது என்பது. இதில் பாதி உண்மை. 2020 மார்ச்சில் கொரோனாவால் பருவம் நின்றுபோனபோது, எல்லா ஆட்டக்காரர்களுக்கும் ஓராண்டு கூடுதலாகக் கொடுக்கப்பட்டது. அதே ஆண்டு மேஜர் லீக் டிராஃப்ட் 40 சுற்றிலிருந்து 5 சுற்றாகச் சுருங்கியது. 2021 முதல் 20 சுற்றுதான். தொழில்முறைக்குப் போயிருக்க வேண்டியவர்கள் கல்லூரியிலேயே தங்கினார்கள். முதல் பந்தி எழுந்திருக்கவில்லை என்றால் அடுத்த பந்திக்கு வந்தவர்கள் வாசலில் நிற்கத்தான் வேண்டும். கொரோனாக் கணக்கு இப்போது தீர்ந்துவிட்டது. ஆனால் கல்லூரி மாற விரும்புகிறவர்கள் பெயர் பதியும், 2018-ல் தொடங்கிய 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' நிலைத்துவிட்டது. 2021 முதல் ஓர் ஆண்டு உட்காராமலே கல்லூரி மாறலாம். ஆகவே 22 வயதில், இருநூறு கல்லூரி ஆட்டம் ஆடிய ஒருவன் கிடைக்கும்போது 18 வயதுப் பையனை எந்தப் பயிற்சியாளர் எடுப்பார்? போதாக்குறைக்கு 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட, கல்லூரி ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுப்பது பற்றிய ஹவுஸ் வழக்குச் சமரசம், அதில் இணைந்த கல்லூரிகளின் பேஸ்பால் பட்டியலை 34 பேராகக் குறுக்கிவிட்டது. அணிக்கு 11.7 முழு உதவித்தொகை என்ற பழைய வரம்பு போய், 34 பேருக்கும் பணம் கொடுக்கலாம் என்று ஆனது நல்ல மாற்றம்தான். ஆனால் குறுகியதில் அடிபட்டவர்கள் யார்? அழைப்பின்றி வந்து, தேர்வு கொடுத்து, தன் செலவில் ஆடிய 'வாக்-ஆன்' பையன்கள்.

இந்த மாற்றங்கள் எல்லாம் சேர்ந்து என் வாதத்தை உடைப்பதாக எனக்குத் தோன்றவில்லை, அதைக் கூர்மையாக்குகின்றன. உச்சியில் இடம் குறைந்தால், அங்கிருந்து இறங்குகிறவர்கள் டிவிஷன்-2-ஐயும் நல்ல ஜூகோக்களையும் நிரப்புவார்கள், உண்மை. ஆனாலும் ஓர் ஆட்டக்காரனின் மதிப்பு இப்போது பள்ளிக் காணொளியைவிடக் கல்லூரி ஆட்டக் கணக்கை வைத்தே தீர்மானிக்கப்படுகிறது. பெரிய கல்லூரிகள் 20, 21 வயதில் தேறியவர்களைத் தேடுகின்றன என்றால், பிந்தி வளர்ந்தவனுக்கு அதைவிட வசதியான செய்தி என்ன? பதினைந்தில் அவனிடம் காட்ட ஒன்றும் இல்லை. இருபதில் இருக்கலாம், அதுவரை எங்காவது ஆடிக்கொண்டிருந்தால். கெவின் கியர்மையர் இல்லினாய் மாநிலத்தின் பார்க்லேண்ட் என்ற ஜூகோவில் ஆடித்தான் 2010-ல் 31-ஆவது சுற்றில் எடுக்கப்பட்டார். அந்தச் சுற்றே இன்று இல்லை. ஆனால் பின்னாளில் சிறந்த தடுப்பாட்டத்துக்கான கோல்ட் க்ளவ் விருதை நான்கு முறை வாங்கிய அவருடைய கால்களும் கண்ணும் இன்று ஒருவனிடம் இருந்தால், இரண்டு வருட ஜூகோ ஆட்டத்துக்குப் பிறகு போர்ட்டலில் வரும் யாரோடும் அவன் நேருக்கு நேர் போட்டியிடலாம்.

வாக்-ஆன் முயற்சியே வீண் என்று நான் சொல்லவில்லை. ஆஸி ஸ்மித் என்ற மாபெரும் ஷார்ட்ஸ்டாப், கலிஃபோர்னியாவின் கால் பாலி கல்லூரிக்குப் போனது படிப்புக்கான உதவித்தொகையில். அணிக்கு வாக்-ஆனாகத்தான் வந்தார். முதல் பருவத்திலேயே நிரந்தர ஷார்ட்ஸ்டாப்புக்குக் கால் உடைந்தது, ஸ்மித்துக்கு இடம் திறந்தது. 13 கோல்ட் க்ளவ், 2002-ல் பேஸ்பால் புகழ்க்கூடம். அந்தக் கதையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு: கால் உடையாமலே போயிருந்தாலும் அவருக்குக் கல்லூரி இருந்தது. பேஸ்பால் இல்லாவிட்டாலும் படிப்பேன் என்று சொல்லக்கூடிய இடத்தில் வாக்-ஆன் முயல்வதில் நஷ்டம் இல்லை. பேஸ்பாலுக்காகவே கடன் வாங்கி ஒரு பெரிய கல்லூரிக்குப் போய், இலையுதிர்காலத் தேர்வில் அறுபது கஜம் ஒருமுறை ஓடி, ரைட் ஃபீல்டிலிருந்து ஐந்து பந்து எறிந்து, எட்டுப் பந்து அடித்து, மாலை ஒட்டப்படும் பட்டியலில் பெயர் இல்லாமல் விடுதிக்குத் திரும்புவது வேறு.

ஜூகோவைப் பற்றிப் பெற்றோர் எழுப்பும் மறுப்பு படிப்பு சார்ந்தது. தமிழ் வீடுகளில் கொஞ்சம் உரத்தே எழும். அமெரிக்காவில் குடியேறிய எந்த வீட்டிலும் எழும். சமுதாயக் கல்லூரியா? அங்கே போனவர்கள் பட்டம் முடிப்பதில்லையே? அந்தக் கவலைக்கு ஆதாரம் இருக்கிறது. சமுதாயக் கல்லூரியில் சேருவோரில் நான்காண்டுக் கல்லூரிக்கு மாறுகிறவர்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு. ஆறு ஆண்டுகளில் இளநிலைப் பட்டம் பெறுகிறவர்கள் ஆறில் ஒருவர் அளவுக்குத்தான். ஆனால் அந்தக் கணக்கில் வேலைக்குப் போய்க்கொண்டே பகுதி நேரமாகப் படிப்பவர்கள், குழந்தை வைத்திருப்பவர்கள், பட்டம் வேண்டும் என்று நினைக்காமலே ஒரு பாடம் படிக்க வந்தவர்கள் எல்லோரும் அடக்கம். ஜூகோ ஆட்டக்காரன் முழுநேர மாணவனாக, பருவத்துக்குக் குறைந்தது 12 கிரெடிட் படித்தாக வேண்டும். எடுக்கும் பாடங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்தில் செல்லுமா என்று முதல் வாரத்திலேயே ஆலோசகரிடம் உட்கார்ந்து பார்த்துவிட்டால், ஆண்டுக்குச் சுமார் 4,000 டாலர் கட்டணத்தில் பட்டப் படிப்பின் பாதி முடிகிறது. இதைச் செய்யாமல் பயிற்சியாளர் கைகாட்டிய லேசான பாடங்களை எடுத்தவன்தான் இரண்டு வருடம் கழித்துத் திண்டாடுகிறான். தாமதமாக விழித்துக்கொண்டவன் கவனிக்க வேண்டிய இன்னொரு கதவும் உண்டு: டிவிஷன்-1-ல் முதல் ஆண்டே ஆட, பள்ளியில் 16 அடிப்படைப் பாடங்கள் வேண்டும், அவற்றில் 10 பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். ஆட்டம் கடைசி வருடத்தில் மலரலாம், மார்க் ஷீட்டுக்கு அந்த அவகாசம் கிடையாது.

நன்றாகப் படிக்கிற பையனுக்கு டிவிஷன்-3 இன்னும் பொருத்தமான வழி, அதைப் பற்றி அநியாயமாகக் குறைத்துப் பேசுகிறார்கள். எம்ஐடி டிவிஷன்-3-ல் ஆடுகிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆடுகிறது, சிகாகோ பல்கலைக்கழகம் ஆடுகிறது. விளையாட்டு உதவித்தொகை இல்லை என்பதை ஒரு குறையாகப் பார்க்கிறவர்கள், பழைய விதியில் டிவிஷன்-1 பேஸ்பால் ஆட்டக்காரனுக்கே கட்டணத்தில் ஒரு பகுதிதான் பெரும்பாலும் கிடைத்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். டிவிஷன்-3-ல் மதிப்பெண்ணுக்கும் குடும்ப வருமானத்துக்கும் கிடைக்கும் உதவி பல நேரம் அதைவிட அதிகம். தோள்பட்டை பழுதாகி ஆட்டத்தை விட்டால்கூட அது நிற்காது. ஆட்டத்தின் தரம்? வர்ஜீனியாவில் ஃபெரம் என்ற சிறிய கல்லூரியில் ஆடிய பில்லி வாக்னரை 1993-ல் ஹூஸ்டன் அணி முதல் சுற்றிலேயே எடுத்தது. உயரம் குறைந்த, சிறுவயதில் வலது கை முறிந்ததால் இடது கையால் எறியப் பழகிய அந்தப் பையன் 2025-ல் புகழ்க்கூடத்தில் நுழைந்தார்.

இந்த வழியில் ஏமாற்றும் உண்டு. மாணவர் எண்ணிக்கை குறைந்து தள்ளாடும் சில சிறிய தனியார் கல்லூரிகள், கட்டணம் கட்டும் தலைகளுக்காகவே பேஸ்பால் அணியை ஊதிப் பெருக்குகின்றன. பட்டியலில் ஐம்பது அறுபது பேர், அதில் பாதிப் பேர் இரண்டாம் அணி என்ற பெயரில் வருடத்துக்குப் பத்து ஆட்டம் ஆடுவார்கள். அதுவரை யாருமே கூப்பிடாத பையனுக்கு ஒரு பயிற்சியாளர் ஃபோன் செய்து 'நீ எங்களுக்கு வேண்டும்' என்றால் கண் கலங்கிவிடும். அந்த நேரத்தில்தான் நிதானம் வேண்டும்.

வேகத்தின் பின்னால் ஓடும் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். கடைசி வருடத்தில் எப்படியாவது ரேடார் கன்னில் ஐந்து மைல் கூட்டிவிட வேண்டும் என்ற தவிப்பு, பிந்தி வந்த பிட்சரைத்தான் அதிகம் பிடித்து ஆட்டும். குளிர்காலம் முழுக்கக் கனப் பந்து எறிவது, இடைவெளியே இல்லாமல் ஷோகேஸ், கை வலித்தாலும் சொல்லாமல் வீசுவது. இளம் பிட்சர்களைப் பற்றி 2006-ல் வெளியான ஆய்வு ஒன்று, ஆண்டில் 8 மாதத்துக்கு மேல் போட்டிகளில் வீசியவர்கள் அறுவை சிகிச்சைக்கு ஆளாகும் வாய்ப்பு 5 மடங்கு என்றும், கை களைத்த பிறகும் வழக்கமாக வீசியவர்களுக்கு 36 மடங்கு என்றும் கண்டது. பன்னிரண்டாம் வகுப்பில் முழங்கைத் தசைநார் கிழிந்தால் முழுதாகத் திரும்பி வர ஓராண்டுக்கு மேல் ஆகும். ஜூகோ வழியை ஏற்றுக்கொண்ட பையனுக்கு இந்தப் பதற்றம் தேவையில்லை. அவனுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது.

செய்ய வேண்டியது பெரும்பாலும் எழுத்து வேலை. பயிற்சியாளருக்கு மின்னஞ்சலை அப்பா எழுதக் கூடாது, பையன் எழுத வேண்டும். யார் எழுதினார்கள் என்று அவர்களுக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும். தலைப்பு வரியிலேயே பள்ளி முடிக்கும் ஆண்டு, ஆடும் இடம், எறியும் கை, மதிப்பெண் சராசரி. உள்ளே நான்கைந்து வரி, அந்தக் கல்லூரியை ஏன் தேர்ந்தான் என்பதற்கு ஓர் உண்மையான காரணம், இரண்டு நிமிடக் காணொளி. பாட்டு, அலங்காரம் எதுவும் வேண்டாம். பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் எடுத்த அடிகள், கேட்சர் என்றால் இரண்டாவது பேஸுக்கு எறிவதை வெட்டாமல் காட்டினால் போதும், நேரத்தை அவர்களே அளந்துகொள்வார்கள். நாடு முழுக்க ஆள் வரும் விலை உயர்ந்த ஷோகேஸைவிட, சேர விரும்பும் கல்லூரியே நடத்தும் ஒருநாள் முகாமுக்குப் போவது நல்லது. எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறவர் அங்கே நேரில் நிற்பார். குளிர்காலத்தில் பதில் வராவிட்டாலும் விட்டுவிடக் கூடாது. டிராஃப்ட் இப்போது ஜூலையில் நடக்கிறது; ஒப்பந்தம் போட்டுக்கொண்டு போகிறவர்களும், போர்ட்டல் வழியாக வெளியேறுகிறவர்களும் கோடையில் இடங்களைக் காலி செய்கிறார்கள், ஜூகோ பயிற்சியாளர்கள் ஆகஸ்டில் வகுப்பு தொடங்கும் வரை ஆள் தேடுகிறார்கள்.

யாராவது கூப்பிட்டால், நன்றி சொல்லிவிட்டுப் பையன் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. என் இடத்தில் ஆடுகிறவர்கள் எத்தனை பேர், அவர்களில் அடுத்த ஆண்டும் இருப்பவர்கள் எத்தனை பேர்? போன வருடம் சேர்ந்த முதலாண்டு மாணவர்கள் எத்தனை பேர், அவர்களில் இப்போதும் அணியில் இருக்கிறவர்கள் எத்தனை பேர்? முதல் ஆண்டில் அவர்கள் சராசரியாக எத்தனை முறை மட்டை பிடித்தார்கள், எத்தனை இன்னிங்ஸ் வீசினார்கள்? இவற்றில் பாதிக்கு விடை கல்லூரியின் இணையதளத்தில் போட்டுள்ள ஆட்டக் கணக்கிலேயே இருக்கும். ஃபோனை எடுக்கும் முன்பே அதைப் பார்த்து வைத்துக்கொள்ளலாம். பயிற்சியாளர் சொல்லும் எண்ணும் அந்தக் கணக்கும் பொருந்தினால் மேலே பேசலாம். எண்ணே சொல்லாமல் மழுப்பினால், பட்டியலில் அடுத்த கல்லூரிக்கு எழுத வேண்டியதுதான்.